தாமஸ் கோப்பை 2022 முடிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மே 15 அன்று இந்திய ஆடவர் பேட்மிண்டன் அணி இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தி முதல்முறையாகத் தாமஸ் கோப்பையை வென்றது. அந்த முடிவுப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஐந்து ஆட்டம் என்கிறார்களே, மூன்றோடு ஏன் நின்றது? முன்னணி வீரர் தோற்றும் அணி எப்படி ஜெயித்தது? அவற்றுக்கான பதில்களும், இதே முறையில் உள்ளூரில் போட்டி நடத்த நினைப்பவர்களுக்கான கணக்கும் கீழே.

தாமஸ் கோப்பை என்பது என்ன? உலகச் சாம்பியன் போட்டியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

உலகச் சாம்பியன் போட்டி தனிநபர் பட்டத்துக்கானது. தாமஸ் கோப்பை, நாட்டுக்கு நாடு மோதும் ஆடவர் அணிப் போட்டி. மகளிருக்கான இணைப் போட்டி ஊபர் கோப்பை. 1984 முதல் இரண்டும் ஒரே இடத்தில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கின்றன.

கோப்பையை 1939இல் வழங்கியவர் இங்கிலாந்தின் சர் ஜார்ஜ் தாமஸ். ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் போட்டியில் 21 பட்டங்கள் வென்றவர், சதுரங்கத்திலும் பெரிய ஆட்டக்காரர், அப்போதைய உலக பேட்மிண்டன் கூட்டமைப்பின் முதல் தலைவர். உலகப் போர் குறுக்கிட்டதால் முதல் போட்டி 1948-49இல்தான் நடந்தது. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த இறுதியில் மலாயா, டென்மார்க்கை 8-1 என வென்றது. அந்த 8-1ஐப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அன்றைக்கு ஒரு மோதலுக்கு ஒன்பது ஆட்டங்கள். இரண்டு நாள் ஓடும். ஐந்து ஆட்ட முறை 1984இல் வந்தது.

"பூப்பந்து" என்று சிலர் எழுதுகிறார்களே, அது இதுதானா?

இடத்தைப் பொறுத்தது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கைத் தமிழ் ஊடகங்களில் பூப்பந்து என்றால் பேட்மிண்டன்தான். தமிழ்நாட்டில் பூப்பந்து என்றால் கம்பளி நூல் பந்தை வைத்து, ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடும் வேறொரு ஆட்டம். இங்கே பேட்மிண்டனுக்கு இறகுப்பந்து என்று எழுதுவார்கள். மைதானத்தில் ஷட்டில் என்றுதான் சொல்வார்கள். தேடும்போது இந்த மூன்று சொல்லையும் போட்டுப் பார்த்தால்தான் எல்லாச் செய்திகளும் கிடைக்கும்.

ஒரு மோதலில் எத்தனை ஆட்டங்கள்? வரிசை எப்படி?

மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர், ஆக ஐந்து. மூன்றை முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி. வழக்கமான வரிசை: முதல் ஒற்றையர், முதல் இரட்டையர், இரண்டாம் ஒற்றையர், இரண்டாம் இரட்டையர், மூன்றாம் ஒற்றையர். ஒரே வீரர் ஒற்றையரிலும் இரட்டையரிலும் ஆட வேண்டியிருந்தால் ஓய்வு கொடுப்பதற்காக நடுவர் குழு வரிசையை மாற்றி அமைக்கலாம்.

யார் முதல் ஒற்றையர், யார் மூன்றாம் ஒற்றையர் என்பதைப் பயிற்சியாளர் தன் விருப்பப்படி முடிவு செய்யலாமா?

முடியாது. நிறையப் பேர் தவறாக நினைப்பது இதைத்தான். குறிப்பிட்ட ஒரு தேதியின் உலகத் தரவரிசைதான் வரிசையைத் தீர்மானிக்கும். அப்போது லக்ஷயா சென் 9ஆம் இடம், கிடாம்பி ஸ்ரீகாந்த் 11, எச்.எஸ். பிரணாய் 23. மூவரும் ஆடினால் இந்த வரிசையில்தான் இறங்க வேண்டும். எதிரணியின் பெரிய வீரருக்கு எதிராகப் பலவீனமான ஒருவரைப் பலி கொடுத்துவிட்டு, நல்ல வீரரை மூன்றாவதாக ஒளித்துவைக்கும் வேலை இங்கே செல்லாது.

பயிற்சியாளர் கையில் இருப்பது, யாரை ஆடவிடுவது, யாருக்கு ஓய்வு கொடுப்பது என்பது. கனடாவுக்கு எதிராக லக்ஷயா ஆடவில்லை. உடனே ஸ்ரீகாந்த் முதல் ஒற்றையருக்கும் பிரணாய் இரண்டாவதற்கும் ஏறினார்கள், மூன்றாவதில் இளையவர் பிரியான்ஷு ரஜாவத் இறங்கினார். இரட்டையரில் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் உண்டு. வழக்கமாகச் சேர்ந்து ஆடாத இருவரைப் புது ஜோடியாக்கலாம். அவரவர் புள்ளிகளைக் கொண்டு அந்த ஜோடியின் இடத்தைக் கணக்கிடுவார்கள்.

ஆடும் வீரர்களின் பட்டியலை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். கொடுத்த பிறகு காயமோ உடல்நலக் குறைவோ இருந்து, அதை மருத்துவரும் தலைமை நடுவரும் ஏற்றுக்கொண்டால் ஒழிய மாற்ற முடியாது.

அந்த ஆண்டு போட்டி எங்கே, எப்படி நடந்தது?

தாய்லாந்தில், பாங்காக்கை ஒட்டிய நொந்தபுரியின் இம்பாக்ட் அரங்கில், மே 8 முதல் 15 வரை. 16 அணிகள், நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதலிரண்டு அணிகள் காலிறுதிக்கு.

இந்தியா தகுதி பெற்ற வழி அவ்வளவு பகட்டானதில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் மலேசியாவின் ஷா ஆலமில் நடந்த ஆசிய அணிப் போட்டியில் இந்திய ஆடவர் அணி குழுச் சுற்றோடு வெளியேறியது. தரவரிசைதான் பாங்காக்குக்கு வழி விட்டது.

குழுச் சுற்றில் இந்தியாவின் முடிவுகள் என்ன?

ஜெர்மனியை 5-0, கனடாவை 5-0 என வென்றது. சீன தைபேயிடம் (தைவான் அணி) 2-3 எனத் தோற்றது. தைபே முதலிடம், இந்தியா இரண்டாமிடம்.

5-0 என்றதும் சுலபமான வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் கை ஷேஃபரிடம் ஸ்ரீகாந்த் முதல் கேமை (பலர் செட் என்பது) 18-21 என இழந்துதான் மீண்டார். கனடாவின் பிரையன் யாங்கிடமும் முதல் கேமை 20-22 எனக் கோட்டைவிட்டார். தைபேக்கு எதிரான மோதலில் சௌ தியென் சென்னிடம் லக்ஷயா மூன்று கேம் ஆடித் தோற்றார். ஒலிம்பிக் சாம்பியன்களான லீ யாங், வாங் சி லின் ஜோடி சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி, சிராக் ஷெட்டி ஜோடியை நேர் கேம்களில் வீழ்த்தியது. அந்தப் போட்டி முழுக்க சாத்விக், சிராக் தோற்றது இந்த ஒரு ஆட்டத்தில் மட்டும்.

குழுச் சுற்றில் 5-0 வருகிறது, இறுதிப் போட்டியில் 3-0தான் வருகிறது. ஏன்?

குழுச் சுற்றில் வெற்றி முடிவான பிறகும் ஐந்து ஆட்டங்களையும் ஆடியே தீர வேண்டும். அணிகள் சமமாக நின்றால் ஆட்ட வித்தியாசம் பார்க்க வேண்டியிருக்கும். காலிறுதி முதல் அந்தத் தேவை இல்லை. மூன்று வெற்றி கிடைத்ததும் மோதல் முடிந்தது. இறுதிப் போட்டியின் முடிவுப் பக்கத்தில் கடைசி இரண்டு வரிகள் காலியாக இருப்பது இதனால்தான். மூன்றாம் ஒற்றையருக்கு பிரணாயும் இந்தோனேசியாவின் ஷேசார் ஹிரென் ருஸ்தாவிட்டோவும் பட்டியலில் இருந்தார்கள். களம் இறங்கத் தேவை வரவில்லை.

குழுவில் அணிகள் சமநிலையில் இருந்தால் யார் மேலே?

இரண்டு அணிகள் மட்டும் சமம் என்றால் அவை தமக்குள் மோதியதில் வென்றது மேலே. மூன்று அணிகள் சமம் என்றால் முதலில் வென்ற ஆட்டங்களுக்கும் தோற்ற ஆட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம், அதுவும் சமமானால் கேம் வித்தியாசம், கடைசியாகப் புள்ளி வித்தியாசம். கணக்குப் போடும்போது பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. மூன்று அணிச் சமநிலையில் ஆட்ட வித்தியாசம் பார்த்ததும் ஓர் அணி பிரிந்து, இரண்டு மட்டும் சமமாக நின்றால், அங்கே கேம் கணக்குக்குப் போகக் கூடாது. அந்த இரண்டும் நேரில் மோதிய முடிவுக்குத் திரும்ப வேண்டும்.

காலிறுதி, அரையிறுதி முடிவுகளை முழுமையாகச் சொல்லுங்கள்.

காலிறுதியில் இந்தியா, மலேசியாவை 3-2 என வென்றது.

முதல் ஒற்றையர்: லக்ஷயா சென், லீ ஜீ ஜியாவிடம் 21-23, 9-21 எனத் தோல்வி.
முதல் இரட்டையர்: சாத்விக், சிராக் ஜோடி, கோ ஸே ஃபெய், நூர் இஸ்ஸுதீன் ஜோடியை 21-19, 21-15 என வென்றது.
இரண்டாம் ஒற்றையர்: ஸ்ரீகாந்த், இங் ட்சே யோங்கை 21-11, 21-17 என வென்றார்.
இரண்டாம் இரட்டையர்: கிருஷ்ண பிரசாத் கரகா, விஷ்ணுவர்தன் கௌட் ஜோடி, ஆரோன் சியா, தியோ ஈ யி ஜோடியிடம் தோல்வி.
மூன்றாம் ஒற்றையர்: பிரணாய், லியோங் ஜுன் ஹாவை 21-13, 21-8 என வென்றார்.

அரையிறுதியில் டென்மார்க்கை 3-2 என வென்றது.

முதல் ஒற்றையர்: லக்ஷயா, விக்டர் ஆக்சல்சனிடம் 13-21, 13-21 எனத் தோல்வி.
முதல் இரட்டையர்: சாத்விக், சிராக் ஜோடி, கிம் அஸ்ட்ரப், மத்தியாஸ் கிறிஸ்டியன்சன் ஜோடியை 21-18, 21-23, 22-20 என வென்றது.
இரண்டாம் ஒற்றையர்: ஸ்ரீகாந்த், ஆண்டர்ஸ் ஆன்டன்சனை 21-18, 12-21, 21-15 என வென்றார்.
இரண்டாம் இரட்டையர்: கிருஷ்ண பிரசாத், விஷ்ணுவர்தன் ஜோடிக்கு 14-21, 13-21 எனத் தோல்வி.
மூன்றாம் ஒற்றையர்: பிரணாய், ராஸ்மஸ் கெம்கேயை 13-21, 21-9, 21-12 என வென்றார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோல்வி, வெற்றி, வெற்றி, தோல்வி, வெற்றி. அச்சு அசலாக அதே வரிசை.

இறுதிப் போட்டி முடிவு?

லக்ஷயா சென், அந்தோணி சினிசுகா கின்டிங்கை 8-21, 21-17, 21-16 என வென்றார். சாத்விக், சிராக் ஜோடி, முகமது அசன், கெவின் சஞ்சயா சுகமுல்ஜோ ஜோடியை 18-21, 23-21, 21-19 என வென்றது. ஸ்ரீகாந்த், ஜோனதன் கிறிஸ்டியை 21-15, 23-21 என வென்றார்.

3-0 என்றால் ஒருதலைப்பட்சமான இறுதிப் போட்டியா?

புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் வேறு படம் தெரியும். முதல் ஆட்டத்தில் லக்ஷயா எடுத்தது 50 புள்ளிகள், தோற்ற கின்டிங் எடுத்தது 54. அதிகப் புள்ளி எடுத்தவர்தான் தோற்றார். முதல் கேமை 8-21 என அள்ளிக் கொடுத்தது மொத்தக் கணக்கைக் கெடுத்தது. ஆனால் பேட்மிண்டனில் 8-21 என இழந்தாலும் 20-22 என இழந்தாலும் போவது ஒரு கேம்தான். இரட்டையரில் 62க்கு 61, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ஸ்ரீகாந்த் ஆட்டம் மட்டும் 44க்கு 36 என்று சற்று விலகி நிற்கிறது. மூன்றையும் சேர்த்தால் இந்தியா 156, இந்தோனேசியா 151.

இரட்டையரின் இரண்டாம் கேமில் இந்தோனேசிய ஜோடி நான்கு முறை மேட்ச் பாயின்ட்டில், அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடியும் நிலையில் நின்றது. அவற்றில் ஒன்று விழுந்திருந்தாலும் மோதல் 1-1. அடுத்து ஸ்ரீகாந்த் வென்றாலும், நான்காவது ஆட்டத்தில் ஃபஜார் அல்ஃபியான், முகமது ரியான் அர்தியாண்டோ ஜோடி காத்திருந்தது. இந்தியாவின் பலவீனமான கட்டம் அது. ஆகவே 3-0 என்பது முடிவு. நெருக்கத்தின் அளவு அல்ல.

முதல் ஒற்றையரில் தொடர்ந்து தோற்றும் இந்தியா எப்படிக் கோப்பை வரை வந்தது?

காலிறுதி முதல் இறுதி வரை கட்டம் கட்டமாக எண்ணலாம். முதல் ஒற்றையர்: 3 ஆட்டத்தில் 1 வெற்றி. முதல் இரட்டையர்: 3க்கு 3. இரண்டாம் ஒற்றையர்: 3க்கு 3. இரண்டாம் இரட்டையர்: 2க்கு 0. மூன்றாம் ஒற்றையர்: 2க்கு 2.

பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. அணியின் உயரத்தைவிட ஆழம்தான் இங்கே பேசியது. லக்ஷயா தோற்ற மூவரும், அதாவது சௌ, லீ, ஆக்சல்சன், உலகின் உச்ச வரிசைக்காரர்கள். முதல் ஒற்றையர் இடத்தில் நிற்பவருக்கு ஒவ்வொரு நாளும் அப்படி ஒருவர்தான் வருவார். ஆனால் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக நின்றவர் யார்? ஸ்ரீகாந்த். 2018இல் உலகின் முதலிடத்தில் இருந்தவர், 2021 உலகச் சாம்பியன் போட்டியில் வெள்ளி வென்றவர். மூன்றாவதாக நின்ற பிரணாயும் ஒரு காலத்தில் 8ஆம் இடத்தில் இருந்தவர். இப்படிப்பட்டவரை மூன்றாம் ஒற்றையரில் இறக்கும் வசதி அன்று மலேசியாவுக்கு இல்லை.

ஸ்ரீகாந்த் ஆடிய ஆறிலும் வென்றார். பிரணாய் ஆடிய ஐந்திலும் வென்றார். இரண்டு 2-2 நிலைகளிலும் கடைசி ஆட்டம் பிரணாயுடையது. செய்திகளின் தலைப்பில் லக்ஷயாவின் பெயரும் சாத்விக், சிராக் பெயர்களும்தான் பெரிதாக வந்தன. கோப்பைக்கு அச்சாணி இந்த இரண்டு மூத்தவர்கள் என்பது முடிவுப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

இரட்டையரில் இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பெல்லாம் இந்திய ஆடவர் அணி இரண்டு இரட்டையரையும் இழந்து, மூன்று ஒற்றையரையும் வென்றாக வேண்டிய நிலையில் நிற்கும். சாத்விக், சிராக் வந்த பிறகு அந்த நெருக்கடி இல்லை. அணியோடு இருந்த இரட்டையர் பயிற்சியாளர் டென்மார்க்கின் மத்தியாஸ் போ, 2016இல் டென்மார்க் இதே கோப்பையை வென்றபோது ஆடியவர்.

இந்தோனேசியா முழுப் பலத்தோடு வந்ததா?

உலக முதலிட ஜோடியாகப் பல ஆண்டுகள் இருந்த கெவின், மார்க்கஸ் கிடியோன் இருவரில் மார்க்கஸ் காயத்தால் வரவில்லை. கெவின், அசனோடு சேர்ந்து ஆடினார். இது இந்தியாவுக்குக் கிடைத்த சாதகம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அதே நேரம், அந்தப் புது ஜோடிதான் மேட்ச் பாயின்ட் வரை சென்றது. ஒற்றையரில் கின்டிங்கும் கிறிஸ்டியும் முழுத் தகுதியோடுதான் இறங்கினார்கள். நடப்புச் சாம்பியன்கள், காலிறுதியில் சீனாவை 3-0 என வீழ்த்தி வந்தவர்கள்.

பிரணாய்க்குக் காயம் பட்டபோது ஆட்டத்தை ஏன் நிறுத்திவைக்கவில்லை?

கெம்கேக்கு எதிரான முதல் கேமில் பிரணாய் வழுக்கி கணுக்காலில் அடிபட்டார். டென்னிஸில் இருப்பது போல இத்தனை நிமிடம் என்று ஒதுக்கப்பட்ட மருத்துவ இடைவேளை பேட்மிண்டனில் கிடையாது. ஆட்டம் தொடர்ச்சியாக நடக்க வேண்டும் என்பதுதான் விதி. மருத்துவர் களத்துக்குள் வந்து பார்க்கலாம், தெளிப்பான் அடிக்கலாம், கட்டுப் போடலாம். எவ்வளவு நேரம் என்பதைத் தலைமை நடுவர் முடிவு செய்வார். தேவையின்றி இழுத்தால் எச்சரிக்கை. தொடர முடியாவிட்டால் விலக வேண்டும். அப்போது முடிவில் "விலகல்" என்ற குறிப்போடு, அதுவரை எடுத்த புள்ளிகள் அப்படியே நிற்கும்.

முறையான ஓய்வு இரண்டு இடங்களில்: ஒரு கேமில் யாராவது 11 புள்ளியைத் தொட்டதும் 60 வினாடி, கேம்களுக்கு இடையே 120 வினாடி. மூச்சு வாங்குபவர்கள் 11 வரை எப்படியாவது தள்ளிக்கொண்டு போவதைக் கவனித்துப் பாருங்கள்.

23-21 என்ற புள்ளி எப்படி வருகிறது?

21 புள்ளிதான் இலக்கு. 20-20 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 29-29 வரை போனால் 30ஆவது புள்ளியோடு முடிவு. 30-29க்கு மேல் ஒரு கேம் போகாது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி. மூன்றாம் கேமில் 11இல் பக்கம் மாற வேண்டும். இந்த முறை 2006இல் வந்தது. அப்போது உலகக் கூட்டமைப்பின் நிர்வாகத்தில் இருந்து இதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் மலேசியாவின் பஞ்ச் குணாளன். 1971 ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை இங் பூன் பீயுடன் சேர்ந்து வென்ற ஆட்டக்காரர் அவர். 2006க்கு முந்தைய முடிவுகளில் 15-12, 15-6 என்று இருந்தால் அது பழைய முறை; சர்வீஸ் கையில் இருப்பவருக்கு மட்டுமே புள்ளி.

தமிழில் "செட்" என்று பரவலாகச் சொன்னாலும் விதிப்புத்தகச் சொல் கேம். கேம்கள் சேர்ந்தது ஆட்டம். ஆட்டங்கள் சேர்ந்தது அணி மோதல். இந்த மூன்று அடுக்கைக் குழப்பினால் "இந்தியா 3-0 என நேர் செட்களில் வென்றது" போன்ற அபத்தமான வாக்கியங்கள் வந்துவிடும்.

பழைய முடிவுகளைத் தேடும்போது எங்கே தவறு நேர்கிறது?

மூன்று இடங்களில். முதலாவது ஆண்டு. 2020ஆம் ஆண்டுப் போட்டி பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் நடந்தது. பெயர் மட்டும் 2020 என்றே நிற்கிறது. இந்தோனேசியா அங்கே சீனாவை 3-0 என வென்றது. எனவே அந்த இறுதிக்கும் பாங்காக் இறுதிக்கும் இடையே ஏழு மாதம்தான்.

இரண்டாவது, புள்ளிகளை எழுதும் வரிசை. சில செய்திகள் இந்திய வீரரின் புள்ளியை முதலில் எழுதும், சில வென்றவருடையதை முதலில் எழுதும். லீ ஜீ ஜியாவிடம் லக்ஷயா தோற்ற ஆட்டத்தை ஓரிடத்தில் 23-21, 21-9 என்றும் இன்னோரிடத்தில் 21-23, 9-21 என்றும் பார்ப்பீர்கள். மூன்றாவது, ஊபர் கோப்பை முடிவு அதே பக்கத்தில் கலந்து வருவது.

அந்த ஆண்டு ஊபர் கோப்பை யாருக்கு?

தென்கொரியாவுக்கு. இறுதியில் சீனாவை 3-2 என வென்றது. 2010க்குப் பிறகு அவர்களுக்கு இரண்டாவது பட்டம். இந்திய மகளிர் காலிறுதியில் தாய்லாந்திடம் 0-3 எனத் தோற்றனர்.

இதுவரை கோப்பையை வென்ற நாடுகள்?

2024 வரை ஆறு. இந்தோனேசியா 14 முறை, சீனா 11, மலேசியா (மலாயாவாக இருந்த காலத்தையும் சேர்த்து) 5, ஜப்பான் 2014இல், டென்மார்க் 2016இல், இந்தியா 2022இல் தலா ஒருமுறை. இந்தியா அதற்கு முன் அரையிறுதி வரை வந்தது 1952, 1955, 1979 ஆண்டுகளில்.

2024இல் சீனாவின் செங்டுவில் இந்தியா பட்டத்தைத் தக்கவைக்கவில்லை. தாய்லாந்தையும் இங்கிலாந்தையும் வென்று, இந்தோனேசியாவிடம் 1-4 எனத் தோற்று, காலிறுதியில் சீனாவிடம் 1-3 என வெளியேறியது. சீனா இறுதியில் இந்தோனேசியாவை 3-1 என வென்றது.

பரிசுத் தொகை எவ்வளவு?

தாமஸ் கோப்பை, பரிசுப் பணத்துக்காக ஆடும் போட்டி அல்ல. வெற்றிக்குப் பின் இந்திய விளையாட்டு அமைச்சகம் அணிக்கு 1 கோடி ரூபாய் அறிவித்தது. இந்திய பேட்மிண்டன் சங்கம் வீரர்களுக்கு 1 கோடியும், உதவியாளர்களுக்கு 20 லட்சமும் அறிவித்தது.

எங்கள் கிளப்பில் இதே முறையில் போட்டி நடத்தலாமா? எவ்வளவு ஏற்பாடு வேண்டும்?

நடத்தலாம். ஆனால் நேரக் கணக்கைக் குறைத்துப் போட்டு நள்ளிரவு வரை மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். எட்டு அணிகள், இரண்டு குழு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவில் 6 மோதல், இரண்டுக்கும் 12. மோதலுக்கு 5 ஆட்டம் என்றால் 60 ஆட்டம். நான்கு கோர்ட் இருந்து, ஓர் ஆட்டத்துக்கு வார்ம்-அப் சேர்த்து 40 நிமிடம் ஒதுக்கினால் குழுச் சுற்றுக்கு மட்டும் 10 மணி நேரம். அரையிறுதியும் இறுதியும் சேர்ந்து இன்னும் 15 ஆட்டம் வரை போகலாம். ஒரே நாளில் அடங்காது. சனி முழுக்கக் குழுச் சுற்று, ஞாயிறு காலை மீதி என்று பிரியுங்கள். ஒருநாள்தான் கிடைக்கும் என்றால் குழுச் சுற்றை ஒற்றையர் 1, இரட்டையர் 2 என மூன்று ஆட்டமாகச் சுருக்குங்கள். 60 என்பது 36 ஆகும், 6 மணி நேரத்தில் முடியும்.

ஷட்டில் கணக்கு: இறகு ஷட்டில் என்றால் ஓர் ஆட்டத்துக்கு நான்கு என்று வையுங்கள். 75 ஆட்டத்துக்கு 300, அதாவது 25 டஜன். ஸ்மாஷ் அடிக்கும் இரட்டையர் ஜோடிகள் இதைவிடக் கூடுதலாகக் கொல்லும், ஒற்றையர் குறைவாக, சராசரியில் சரியாகிவிடும்.

ஷட்டில் குழாயில் போட்டிருக்கும் வேக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வெப்பமான காற்றிலும் உயரமான ஊரிலும் ஷட்டில் வேகமாகப் பறக்கும், அங்கே சிறிய எண் வேண்டும். சென்னை, மதுரை வெயிலுக்கு 76 அல்லது 75. சோதிக்க, பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக, பக்கக்கோட்டுக்கு இணையாக முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால் வேகம் சரி. கோட்டைத் தாண்டிப் போனால் அந்தக் குழாயை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலர் இறகு நுனியை மடித்து வேகத்தைக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் பறக்கும் வழி தள்ளாடும், போட்டிக்கு ஆகாது. இறகு சீக்கிரம் முறிந்தால் காய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். முந்தின இரவு குழாயின் இரு மூடியையும் திறந்து ஆவியில் சில வினாடி காட்டி மூடி வைத்தால் தாங்கும். அதிக நேரம் காட்டினால் எடை கூடி மந்தமாகும்.

சண்டை வரும் இடம் வீரர் வரிசை. உங்கள் கிளப்பில் உலகத் தரவரிசை கிடையாது. அதனால் போட்டிக்கு முன்பே ஒவ்வொரு அணியும் தன் வீரர்களை 1, 2, 3 என எழுதிக் கொடுத்து, அதை எல்லா அணித்தலைவர்களும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு போட்டி முடியும்வரை மாற்றக் கூடாது என்று வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது மோதலிலேயே ஒருவர் தன் நல்ல ஆட்டக்காரரை மூன்றாமிடத்தில் இறக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல நிற்பார். ஒற்றையரும் இரட்டையரும் ஆடுபவருக்கு இடையில் 30 நிமிட ஓய்வு என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.